மலேரியாவின் எந்தப் புரதம் நம்மைக் காக்கிறது?

அம்மை ஒருமுறை வந்து போனால் மறுமுறை வராது. மலேரியாவுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. போன வருடம் படுத்தவர் இந்த வருடமும் படுப்பார். ஆனாலும் அந்தக் காய்ச்சல் ஓயாமல் பரவும் ஊர்களில் வேறொரு நிலைமையைப் பார்க்கலாம். அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் ரத்தத்தில் ஒட்டுண்ணியைச் சுமந்தபடியே வேலைக்குப் போகிறார்கள். அதே வீட்டுக் குழந்தை அதே ஒட்டுண்ணியால் உயிருக்குப் போராடுகிறது. பெரியவர்களின் உடல் எதையோ கற்றுக்கொண்டிருக்கிறது. எதை என்பதுதான் நூறாண்டுக்கும் மேலாக விடை தேடப்படும் கேள்வி. ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதி 2002-ல் முழுதாகப் படிக்கப்பட்டபோது அதில் ஏறத்தாழ 5,300 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. அவை ஆக்கும் புரதங்களில் பலநூறு புரதங்களுக்கு எதிராக மனித உடல் எதிர்ப்பொருள் சுரக்கிறது. அந்த எதிர்ப்பொருள்களில் உயிரைக் காப்பவை எவை, கிருமி வந்துபோனது என்று சாட்சி மட்டும் சொல்பவை எவை?

இதுவரை சொல்லப்பட்ட முக்கியமான விடைகளை விருதுநகர் மாவட்டத்துப் பாளையம்பட்டி போன்ற ஓர் ஊரை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாயும் ஊருணியும் நிரம்பினால் உண்டு. மற்ற மாதங்களில் தரை வெடித்துக் கிடக்கும். இப்படிப்பட்ட ஊர்களில் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் குடித்தனம் நடக்காது. சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், மாடியில் டேங்க் என்று வீட்டுக்கு வீடு தண்ணீர் தேங்கி நிற்கும். இந்தத் தேக்கத்தில் முட்டையிடப் பழகியது அனாபிலிஸ் ஸ்டெஃபன்சி என்ற கொசு. ஓடைக் குட்டைகளிலும் வற்றும் நீர்நிலைகளின் ஓரங்களிலும் வளர்வது அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ். கொசு உண்டு, ஒட்டுண்ணிதான் இப்போது அரிது. தமிழ்நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சில நூறு பேருக்கே மலேரியா உறுதியாகிறது. அதிலும் பெரும்பங்கு விவாக்ஸ் வகை. ஆகவே இந்த வட்டாரத்தில் பிறந்து வளரும் பிள்ளையின் உடலுக்கு மலேரியாப் புரதங்கள் முன்பின் தெரியாதவை. உலக ஆய்வுகளில் பெரும்பாலானவை நேர்மாறான சூழலில், ஆப்பிரிக்காவில், ஃபால்சிபாரத்தை வைத்து நடந்தவை.

உடல் உரக்க எதிர்க்கும் புரதமும் உடலைக் காக்கும் புரதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் பல தடுப்பூசி முயற்சிகள் சறுக்கின. அதே குழப்பத்தால்தான், காக்காத புரதங்களுக்கும் ஒரு பயன் உண்டு என்பது வெகுநாள் கண்ணுக்குப் படாமல் இருந்தது. அந்தப் பயன் வறண்ட நாட்டுக்கு மிகவும் வேண்டியது.

முதல் விடைகள்: வயதா, பழக்கமா?

ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் 1899, 1900 ஆண்டுகளில் ஜாவாவிலும் நியூகினியிலும் ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் பார்த்தார். குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைய இருந்தது. பெரியவர்களிடம் அபூர்வமாகவே இருந்தது. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய பெரியவர்களோ குழந்தைகளைப் போலவே நோயில் விழுந்தார்கள். வயதைவிட அந்த மண்ணில் வாழ்ந்த ஆண்டுகளே பாதுகாப்பு தருகின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். இந்தியாவில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் எஸ்.ஆர். கிறிஸ்டோஃபர்ஸ். சிங்பூம் பகுதியில் அவர் செய்து 1924-ல் வெளியிட்ட ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்தில் உச்சத்தில் இருக்கும் ஒட்டுண்ணி எண்ணிக்கை பிறகு படிப்படியாகக் குறைவதைக் காட்டியது. உடல் முதலில் நோயைத் தாங்கப் பழகுகிறது, ஒட்டுண்ணியை அடக்குவது அதன் பிறகுதான் என்ற கருத்து இத்தகைய ஆய்வுகளிலிருந்து உருவானது. இன்றும் அது பெரும்பாலும் நிற்கிறது.

எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் மலேரியா நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு மிக அருகில் நடந்த சான்று 1934-35-ன் இலங்கைக் கொள்ளைநோய். பாளையம்பட்டி அப்போது பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கங்காணிகளின் பின்னே சனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1934-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் தண்ணீர் ஓடும் ஆறுகள் குட்டைகளாக உடைந்தன. குலிசிஃபேசிஸ் கொசு பெருகியது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். வழக்கமாக மலேரியா நிறைந்திருந்த வறண்ட வலயத்தை விட, மலேரியா அதிகம் அறியாத கேகாலை, குருநாகல் பக்கங்கள்தான் கடுமையாக அடிபட்டன. எதிர்ப்பாற்றலுக்கு இதைவிடத் துல்லியமான சோதனைக்கூடம் கிடைக்காது என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு மறுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். வறட்சி பயிரையும் அழித்தது, பசியும் சேர்ந்தே கொன்றது. பஞ்சாபின் 1908 கொள்ளைநோயை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர்ஸே தானிய விலையையும் மழையையும் சேர்த்துத்தான் சாவுக் கணக்கைப் புரிந்துகொள்ள முயன்றார். எனவே இலங்கைச் சாவுகளை எதிர்ப்பாற்றல் குறைவுக்கு மட்டும் எழுதிவிட முடியாது. கொள்ளைநோய் எங்கே வெடித்தது என்பதை அது விளக்கும். யார் செத்தார்கள் என்பதற்குப் பசியையும் கேட்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு ரத்தத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கு நேரான விடை 1961-ல் வந்தது. கோஹன், மெக்ரெகர், காரிங்டன் ஆகியோர் காம்பியாவின் பெரியவர்களுடைய ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்து, கடும் மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். சில நாட்களில் ஒட்டுண்ணி எண்ணிக்கை சரிந்தது. ஆப்பிரிக்கப் பெரியவர்களின் எதிர்ப்பொருள் தாய்லாந்து நோயாளிகளிடமும் வேலை செய்தது என்று 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த இரண்டாவது ஆய்வைச் செய்த குழு, எதிர்ப்பொருள் தனியாகக் கொல்வதில்லை, வெள்ளணுக்களின் துணையோடுதான் கொல்கிறது என்று வாதிட்டது. எந்தப் புரதத்தைப் பிடித்து, எந்த வழியில் என்ற பிளவு அப்போதே தொடங்கிவிட்டது.

குன்னூர்க் கோழிகளும் ஸ்போரோசோயிட்டின் மேலுறையும்

கொசு கடிக்கும்போது தோலுக்குள் இறங்கும் வடிவத்துக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். ஒரு கடியில் பெரும்பாலும் நூற்றுக்கும் குறைவானவையே உள்ளே வருகின்றன. சிறிது நேரத்துக்குள் கல்லீரலை அடைந்துவிடுகின்றன. அங்கே வைத்து அழித்துவிட்டால் காய்ச்சலே வராது என்பது ஒரு நிலைப்பாடு. அதன் தொடக்ககாலப் பரிசோதனைகளில் முக்கியமான சில தமிழ்நாட்டில் நடந்தன என்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள் போதுமான அளவு நினைவுபடுத்தியதில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தோடு இணைந்து ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காக வேலை செய்தவர் பால் ரஸ்ஸல். மேட்டூர்ப் பாசனம் வந்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் மலேரியா பெருகியதை ஆராய்ந்தவரும் அவரே. மல்லிகன், ரஸ்ஸல், மோகன் ஆகிய மூவரும் கோழிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியை எடுத்துக்கொண்டார்கள். கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்தெடுத்து, அதிலுள்ள ஸ்போரோசோயிட்டுகளைச் செயலிழக்கச் செய்து கோழிகளுக்கு ஊசி போட்டார்கள். அந்தக் கோழிகளின் சீரத்தைச் சேர்த்தபோது உயிருள்ள ஸ்போரோசோயிட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவது நுண்ணோக்கியில் தெரிந்தது. கோழிகளுக்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைத்தது. 1941, 1942 ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகளில், இன்றைய மொழியில் சொன்னால், சீரம் பிடித்தது ஸ்போரோசோயிட்டின் மேல்பரப்புப் புரதத்தை என்று பெரும்பாலும் கருதலாம். அன்று புரதங்களைப் பிரித்தறியும் கருவி இல்லை. உலகப்போரின் நடுவே அந்தச் சரடு அறுந்தது.

கால் நூற்றாண்டு கழித்து ரூத் நுசென்ஸ்வைக் அந்த இடத்துக்கு வேறு வழியில் வந்தார். கதிர்வீச்சால் பலமிழந்த ஸ்போரோசோயிட்டுகள் எலிகளைக் காப்பதை 1967-ல் காட்டினார். அந்தப் பாதுகாப்பின் அடையாளப் புரதமாகக் கண்டறியப்பட்டது சர்க்கம்ஸ்போரோசோயிட் புரதம், சுருக்கமாக சிஎஸ்பி. ஃபால்சிபாரத்தில் அதன் மரபணு 1984-ல் படிக்கப்பட்டது. நடுவில் நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு ஏறத்தாழ நாற்பது தடவை திரும்பத் திரும்ப வருகிறது. உடல் இந்தத் திரும்பல் பகுதியைத்தான் முதலில் பார்க்கிறது, அதற்கு எதிராகத்தான் அதிகம் சுரக்கிறது. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியும், புணேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசியும் இந்தத் துண்டைச் சுமப்பவை. உலக சுகாதார நிறுவனம் முதலாவதை 2021 அக்டோபரிலும் இரண்டாவதை 2023 அக்டோபரிலும் பரிந்துரைத்தது.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று இதுதான். உடல் உரக்க எதிர்க்கும் துண்டே தடுப்பூசியாக வென்றிருக்கிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கு விடை 1987-ல் கென்யாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. ஸ்டீஃபன் ஹாஃப்மன் குழு, ஸ்போரோசோயிட் எதிர்ப்பொருள் இயல்பாகவே உள்ள 83 பெரியவர்களின் ரத்தத்தை முதலில் மருந்தால் சுத்தம் செய்துவிட்டுக் கண்காணித்தது. மறுபடி தொற்றியவர்களிடமும் தப்பியவர்களிடமும் எதிர்ப்பொருள் அளவில் வேறுபாடு இல்லை. ஆக, சிஎஸ்பிக்கு எதிராக உடல் தானாகச் சுரப்பது காக்கவில்லை. தடுப்பூசி அதைவிடப் பல மடங்கு உயர்த்தும்போதுதான் காக்கிறது. ஆர்டிஎஸ்,எஸ் பரிசோதனையில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தார்கள். 5 முதல் 17 மாத வயதில் தொடங்கி நான்கு ஊசி பெற்றவர்களிடம் நான்கு ஆண்டுகளில் காய்ச்சல் நிகழ்வுகள் 36 விழுக்காடு குறைந்தன. எதிர்ப்பொருள் அளவு இறங்கியதும் பாதுகாப்பும் இறங்கியது. சிஎஸ்பியின் வால்பகுதி ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. தடுப்பூசியோடு ஒத்த வகைக்கு எதிராக ஏறத்தாழ 50 விழுக்காடும் ஒவ்வாத வகைக்கு எதிராக 33 விழுக்காடும் பலன் கிடைத்தது என்று 2015-ல் வெளியான பகுப்பாய்வு கூறியது. இதற்கிடையே, சிஎஸ்பியின் திரும்பல் பகுதி தொடங்கும் சந்தியைப் பிடிக்கும் ஒற்றை எதிர்ப்பொருள் ஒன்று மாலி நாட்டில் பெரியவர்களுக்கு அதிக அளவில் செலுத்தப்பட்டபோது 88 விழுக்காடு வரை தொற்றைத் தடுத்தது. 2022-ல் வந்த முடிவு அது. அந்தச் சந்தியை இயல்பான எதிர்ப்பாற்றல் அதிகம் கண்டுகொள்வதில்லை. சிஎஸ்பிக்குள்ளேயே கூட, உரக்கக் கேட்கும் இடமும் நன்றாகக் காக்கும் இடமும் முழுக்கப் பொருந்தவில்லை என்றே இதை வாசிக்கிறேன்.

சிவப்பணுவின் வாசலில் ஒரு நிமிடம்

காய்ச்சலை உண்டாக்குவது ரத்தப் பருவம். கல்லீரலை விட்டு வெளியே வரும் மெரோசோயிட் சிவப்பணுவைத் தொடுகிறது. தொட்டதும் புரண்டு, தன் கூர்முனையை அணுவின் தோலுக்கு நேராகத் திருப்பிக்கொள்கிறது. ஆர்எச்5 என்ற புரதம் சிவப்பணுவின் பேசிஜின் என்ற புரதத்தைப் பற்றுகிறது. பிறகு ஏஎம்ஏ1 என்ற புரதம், ஒட்டுண்ணியே ஏற்கெனவே சிவப்பணுவின் தோலில் செருகிவைத்த இன்னொரு புரதத்தோடு பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டின் வழியே ஒட்டுண்ணி உள்ளே நழுவுகிறது. எல்லாம் ஓரிரு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மெரோசோயிட்டைப் பிடிக்க எதிர்ப்பொருளுக்குக் கிடைப்பது அந்த நிமிடம் மட்டுமே.

காம்பியப் பரிசோதனையின் மரபில் வந்தவர்கள், பெரியவர்களின் எதிர்ப்பொருள் எதைப் பிடிக்கிறதோ அதையே தடுப்பூசியாக்கலாம் என்று எண்ணினார்கள். எம்எஸ்பி1, எம்எஸ்பி2, ஏஎம்ஏ1 ஆகிய மெரோசோயிட் புரதங்கள் அப்படித்தான் தேர்வாயின. பப்புவா நியூகினியில் சிறுவர்களிடம் நடந்த ஒரு கூட்டுத் தடுப்பூசிப் பரிசோதனை 2002-ல் வெளியானது. ஒட்டுண்ணி அடர்த்தி 62 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஊசியில் இல்லாத எம்எஸ்பி2 வகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நோய் தந்தது. மாலியில் ஏஎம்ஏ1 தடுப்பூசி தன் வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணிக்கு எதிராக 64 விழுக்காடு பலன் காட்டியது. எல்லா வகைகளையும் சேர்த்துப் பார்த்தால் 17 விழுக்காடுதான், புள்ளியியல்படி அதுவும் உறுதியில்லை. 2011-ல் வந்த இந்த முடிவு பலரைச் சோர்வடையச் செய்தது. எனக்கு இதில் தெரிவது தோல்வியை விட ஒரு விதி: உடல் நெருக்கும் இடத்தில்தான் ஒட்டுண்ணி வேகமாக மாறுகிறது. உரத்த எதிர்ப்பே அந்தப் புரதத்தை ஆயிரம் முகம் கொண்டதாக்கியிருக்கிறது.

அந்த விதியின் உச்சம் பிஎஃப்இஎம்பி1. ஒட்டுண்ணி உள்ளே புகுந்தபின் சிவப்பணுவின் வெளித்தோலில் நிறுத்தும் புரதம் இது. ஏறத்தாழ 60 மரபணுக்கள் இதற்காகவே இருக்கின்றன. ஒட்டுண்ணி பாம்பு சட்டை உரிப்பது போல ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறுகிறது. பெரியவர்களின் பாதுகாப்பு இந்த முகங்களில் பெரும்பாலானவற்றைக் கண்டு முடித்த அனுபவமே என்று ஒரு சாரார் வலியுறுத்துகிறார்கள். இந்த நிலைப்பாட்டுக்கு நல்ல ஆதாரம் கர்ப்பிணிகளிடம் கிடைக்கிறது. நஞ்சுக்கொடியில் ஒட்டும் வார்2சிஎஸ்ஏ என்ற ஒரு வகையைத் தலைச்சூலில் ஒரு பெண் முதன்முறை சந்திக்கிறாள், கடுமையாக அடிபடுகிறாள். அடுத்தடுத்த கர்ப்பங்களில் பாதிப்பு குறைகிறது. ஒரே ஒரு புரதத்தை உடல் கற்றுக்கொள்வதால் கிடைக்கும் பாதுகாப்பை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனாலும் அதிலிருந்து செய்த தடுப்பூசிகள் முதற்கட்டச் சோதனையில் பெரும்பாலும் தம் வகையையே பிடித்தன.

ஆர்எச்5 இதற்கு எதிர்முனை. ஆப்பிரிக்கப் பெரியவர்களிடம்கூட அதற்கு எதிரான எதிர்ப்பொருள் மெலிவாகவே இருக்கிறது. அதனாலோ என்னவோ அது அதிகம் மாறவும் இல்லை. ஃபால்சிபாரத்துக்கு இந்தக் கதவு இல்லாமல் முடியாது என்று 2011-ல் தெரிந்தது. பர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் செய்த சோதனையில், மூன்றாவது ஊசியைத் தள்ளிப் போட்ட குழுவில் 55 விழுக்காடு பலன் கிடைத்ததாக 2024-ல் அறிவிக்கப்பட்டது. சிறிய சோதனை, ஆறு மாதக் கண்காணிப்பு, அவசரப்பட வேண்டாம். இருந்தாலும் உடல் தானாகக் கண்டுகொள்ளாத புரதம் நல்ல இலக்காக முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

இந்தியாவில் இந்தப் பருவத்தை நெடுங்காலம் ஆராய்ந்தது டெல்லியின் சர்வதேச மரபணுப் பொறியியல் மையம். விரேந்தர் சௌஹானும் சேத்தன் சிட்னிஸும் அங்கே முன்னணியில் இருந்தவர்கள். ஜெய்வேக்-1 என்ற அவர்களது ஃபால்சிபாரம் தடுப்பூசி முதற்கட்டத்தில் ஒரு பாகத்துக்கு நல்ல எதிர்வினையையும், எம்எஸ்பி1-ன் துண்டுக்கு மிக மெலிந்த எதிர்வினையையும் தந்தது. விவாக்ஸில் அவர்கள் கைவைத்தது டஃபி இணைப்புப் புரதம். சிவப்பணுவில் டஃபி என்ற அடையாளம் இல்லாதவர்களை விவாக்ஸ் தொற்றுவது அரிது என்று 1976-லேயே தெரிந்திருந்தது. இந்தியர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் டஃபி உண்டு; ஆகவே நமக்கு இது முக்கியமான கதவு. இந்தப் புரதத்துண்டைக் கொண்டு பிரிட்டனில் தன்னார்வலர்களிடம் நடந்த சோதனையில் ஒட்டுண்ணி பெருகும் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2023-ல் அது வெளியானது. இயல்பான தொற்றில் இந்தப் புரதத்துக்கு எதிராகப் பலர் சுரக்கிறார்கள். கதவை அடைக்கும் எதிர்ப்பொருள் அவர்களில் சிறுபான்மையினரிடமே இருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பகுதி உடலின் கவனத்தைத் தன்பால் இழுத்து, மாறாத முக்கியப் பகுதியை மறைக்கிறது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மேலே பார்த்த எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறது.

கொசுவின் வயிற்றில் வேலை செய்யும் எதிர்ப்பொருள்

விவாக்ஸ் பற்றி நம் பக்கத்திலிருந்து வந்த மிக அசலான சிந்தனை இலங்கையுடையது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மெண்டிஸ் குழு 1980-களில் ஒரு வேறுபட்ட கேள்வியைக் கேட்டது. கொசு ரத்தத்தோடு எதிர்ப்பொருளையும் சேர்த்துத்தானே உறிஞ்சுகிறது. அது கொசுவின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள் கூடுவதைத் தடுக்குமா? தடுக்கிறது என்று விவாக்ஸ் நோயாளிகளின் சீரத்தைக் கொண்டு 1987-ல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்டது இன்னும் சிக்கலானது: அதே எதிர்ப்பொருள் குறைந்த அளவில் இருந்தால் தொற்றைத் தடுப்பதற்குப் பதிலாகக் கூட்டவும் செய்தது. அடுத்த தொற்றின்போது இந்த எதிர்ப்பாற்றல் மறுபடி எழும்ப வேண்டுமானால் இடைவெளி சில மாதங்களுக்குள் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. மலேரியா அரிதாக வரும் ஊரில் இந்த நினைவு எழும்ப வாய்ப்பே இல்லை. அதே குழுவைச் சேர்ந்த நதீரா கருணவீர 1992-ல், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறி இறங்கும்போது டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளும் கூடவே ஏறி இறங்குவதை அளந்து காட்டினார். ஆளைக் கிடத்தும் அந்த நடுக்கமும் எதிர்ப்பாற்றலின் வேலைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. எதிர்வினை எல்லாம் நன்மை என்ற எண்ணத்தை அது திருத்துகிறது.

பரவலைத் தடுக்கும் தடுப்பூசி, போட்டுக்கொள்பவருக்கு நேரடியாக உதவாது என்பது இந்த நிலைப்பாட்டின் மேல் சொல்லப்படும் பழைய குறை. நியாயமான குறைதான். அதனால்தான் புதிய முயற்சிகள் இரண்டையும் சேர்க்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2025-ல் தயாரிப்பாளர்களைத் தேடி அறிவித்த அட்ஃபால்சிவேக்ஸ், தொற்றைத் தடுக்கும் பாகத்தோடு கொசுவுக்குள் வேலை செய்யும் பாகத்தையும் இணைத்தது. பெயரே சொல்வதுபோல அதுவும் ஃபால்சிபாரத்துக்குரியது.

பட்டியலிலிருந்து சாட்சிக்கு

புரதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விட்டு மொத்தமாகப் பார்க்கும் வழி புரத அட்டைகளால் வந்தது. ஒரு கண்ணாடிச் சில்லில் நூற்றுக்கணக்கான புரதங்களைப் புள்ளிகளாக இட்டு, மனித பிளாஸ்மாவை அதன்மேல் ஓடவிட்டால் எந்தப் புள்ளிகள் ஒளிர்கின்றன என்று ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். மாலியில் 2010-ல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 1,200 புரதங்களில் நோயிலிருந்து தப்பியவர்களிடம் கூடுதலாக ஒளிர்ந்த 49-ஐப் பிரித்தது. இந்தியாவில் சென்னை, குஜராத்தின் நடியாத், ஒடிசாவின் ரூர்கேலா ஆகிய மூன்று இடங்களில் எடுத்த 353 மாதிரிகளைக் கொண்டு ஸ்வப்னா உப்லேகரும் ஜேன் கார்ல்டனும் உள்ளிட்ட குழு 2017-ல் முடிவு வெளியிட்டது. விவாக்ஸின் 515 புரதங்களில் 265-க்கும் ஃபால்சிபாரத்தின் 500-ல் 373-க்கும் குறிப்பிடத்தக்க எதிர்வினை இருந்தது. சென்னையின் மலேரியா பெரும்பாலும் விவாக்ஸ். தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் ஸ்டெஃபன்சி பரப்புவது. ஆகவே அருப்புக்கோட்டைப் பக்கத்துக்கு இருக்கும் நெருக்கமான ஆவணம் இதுதான் எனலாம்.

இந்த முறையின் குறையை மறைக்க வேண்டியதில்லை. அதிகம் கொசுக்கடி பட்டவருக்கு எல்லாப் புள்ளிகளும் கூடுதலாக ஒளிரும். அவரே கூடுதலாகப் பாதுகாக்கப்பட்டும் இருப்பார். இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. அட்டையில் ஒட்டும் புரதம் உயிருள்ள ஒட்டுண்ணியில் இருக்கும் வடிவத்தில் மடிந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. பாதுகாப்புக்குப் புரதம் தேடியவர்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் கைகொடுக்கவில்லை என்பது உண்மை.

ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டால் இதே பட்டியல் பேசுகிறது. விவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழும்பும். உறங்கும் அந்த வடிவத்தைக் காட்டும் பரிசோதனை எதுவும் இல்லை. ரத்தத் தடவலில் தெரியாது, விரைவுச் சோதனைப் பட்டையிலும் தெரியாது. ரியா லாங்லி, ஐவோ முல்லர் ஆகியோரின் குழு 2020-ல் எட்டே விவாக்ஸ் புரதங்களுக்கான எதிர்ப்பொருள்களை அளந்து, கடந்த ஒன்பது மாதங்களுக்குள் தொற்றியவர் யார் என்பதை ஏறத்தாழ 80 விழுக்காடு துல்லியத்தோடு கணித்தது. தாய்லாந்து, பிரேசில், சாலமன் தீவுகளில் செய்த ஆய்வு. அண்மையில் தொற்றியவர்களிடமே உறங்கும் வடிவம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த எட்டுப் புரதங்கள் காக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரக்கப் பேசி, சில மாதங்களில் அடங்கினால் போதும். தடுப்பூசிக்குக் குறையாக இருந்த குணம் இங்கே தகுதியாகிறது.

வறண்ட நாட்டின் கணக்கு

ஆண்டுக்குச் சில நூறு பேருக்கே வரும் மாநிலத்தில் இதற்கெல்லாம் என்ன தேவை என்ற எதிர்க்கேள்வி எழும். இலங்கை அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1963-ல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்த தீவு, கண்காணிப்பைத் தளர்த்தியபின் 1969-ல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மறுபடி உழைத்து 2016-ல்தான் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றைப் பெற்றது. இந்தியாவும் 1960-களின் நடுவில் ஒரு லட்சமாகக் குறைத்துவிட்டு, 1976-ல் 64 லட்சத்தைப் பார்த்தது. நோய் குறையக் குறைய ஊராரின் எதிர்ப்பாற்றலும் கரைகிறது. கொசுவும் தொட்டியும் அப்படியே இருக்கின்றன. வேலைக்காக மலேரியா உள்ள மாநிலங்களுக்குப் போய் வருகிறவர்களும் அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் அன்றாடம் பயணம் செய்கிறார்கள். எச்சரிக்கையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: எதிர்ப்பாற்றல் சீக்கிரம் கரைந்துவிடும் என்ற பொதுநம்பிக்கை முழு உண்மையில்லை. மடகாஸ்கர் மேட்டுநிலத்தில் பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1980-களில் வந்த கொள்ளைநோயில், இளமையில் மலேரியா கண்ட முதியவர்கள் ஓரளவு தப்பினார்கள். வடக்குத் தாய்லாந்தில் எதிர்ப்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதை 2010-ல் கண்டார்கள். ஆனால் அந்த முதியவர்களின் நினைவு பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது.

எந்த எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தால் ஒருவர் பாதுகாப்பானவர் என்று சொல்லும் அளவுகோல் ரத்தப் பருவத்துக்கு இன்னும் இல்லை. விவாக்ஸின் சிஎஸ்பி இரண்டு முக்கிய வகைகளாக இருப்பதால், ஒன்றை வைத்துச் செய்த தடுப்பூசி மற்றதைத் தடுக்குமா என்பது தீரவில்லை. எட்டுப் புரதச் சோதனை தென்தமிழ்நாட்டு விவாக்ஸுக்கும் அதே துல்லியத்தோடு வேலை செய்யுமா என்பதை இங்கே எடுத்த ரத்தத்தில்தான் சோதிக்க முடியும். மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்ட மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து செய்யத்தக்க வேலை அது. ராமேசுவரம் தீவு போல நீண்டகாலம் மலேரியா கண்ட இடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காகச் செய்த தடுப்பூசியை எதிர்பார்த்துக் காத்திருப்பதை விட, இந்த மாவட்டங்களுக்கு இதுதான் முதலில் வேண்டும் என்பது என் முடிவு.

விவாக்ஸுக்கு எதிராக அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்றுவரை எதுவும் இல்லை. அது வரும்வரை, வெளியூர் வேலையிலிருந்து குளிர்காய்ச்சலோடு திரும்புகிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும். விவாக்ஸ் என்று வந்தால், காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றாலும், மருத்துவர் எழுதிக்கொடுத்த பிரைமாகுயின் மாத்திரையை 14 நாளும் தவறாமல் சாப்பிட்டு முடிக்கட்டும்.